நட்டு மேல ஒரு சொட்டு பெயிண்ட்

பழைய மோட்டார் சைக்கிளை ரீஸ்டோர் பண்ணுகிறவர்கள் இன்ஜின் நம்பரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். சேசிஸ் நம்பரையும் அப்படித்தான். ஆர்.சி. புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். ஆனால் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே ஓர் ஆவணம் அழிந்துபோகும். நட்டு, போல்ட்டின் தலையில் சின்னதாக இருக்கும் பெயிண்ட் பொட்டைத்தான் சொல்கிறேன். மஞ்சளோ, சிவப்போ, வெள்ளையோ, மண்ணெண்ணெயில் ஊறிய வேஸ்ட் துணியால் ஒரு தேய், அவ்வளவுதான்.

பார்த்தால் யாரோ பெயிண்ட் அடிக்கும்போது தெறித்த மாதிரிதான் இருக்கும். பட்டறைப் பையன் "அண்ணே, இதைத் துடைச்சிடவா?" என்று கேட்டால், "துடைடா, இதையெல்லாம் ஏன் கேட்கிற" என்றுதான் பதில் வரும். ஆனால் அது தெறித்தது கிடையாது. தொழிற்சாலையில் ஓர் ஆள் வேண்டுமென்றே வைத்தது. "இந்த நட்டை முறுக்கியாச்சு, பார்த்தாச்சு" என்று அவர் எழுத்தில்லாமல் போட்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எப்படிப் படிப்பது, வண்டியைப் புதுப்பிக்கும்போது அதை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இப்படி ஒரு குறி எதற்குத் தேவைப்பட்டது?

சரியாக முறுக்கிய நட்டையும் கையால் மட்டும் திருகிவிட்ட நட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போல்ட்டு வேலை செய்வதே கொஞ்சம் இழுபட்டுத்தான். ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது போல்ட்டு ஒரு ஸ்பிரிங் மாதிரி நீள்கிறது. திரும்பவும் பழைய நீளத்துக்கு வரப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. 8 மி.மீ. போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க, நம்ம 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போடுகிற சைஸ். தலையில் 8.8 என்று பொறித்த ரகமாக இருந்தால் ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கலாம். அந்த முறுக்கில் போல்ட்டு சுமார் ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையில் இழுபட்டு நிற்கும். ஆனால் நீண்டிருப்பது எவ்வளவு? 30 மி.மீ. கனத்தை அது பிடித்திருக்கிறது என்றால், 0.06 மி.மீ. கிட்டே. ஒரு தலைமுடியின் பருமன். இதை எந்தக் கண்ணும் பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நாம் ஸ்பேனரில் கொடுக்கிற முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. மிச்சம் ஒன்பது பங்கையும் தலைக்கு அடியிலும் மரையிலும் இருக்கும் உராய்வு தின்றுவிடும். மரையில் துரு இருந்தால் ஸ்பேனர் கனமாகத் தெரியும், போல்ட்டு இழுபட்டே இருக்காது. ஆயில் இருந்தால் லேசாகப் போகும், தேவைக்கு மேல் இழுபட்டுவிடும். அதனால்தான் "கை டைட்டு" என்பதை நம்பாமல் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்கிறார்கள்.

இப்போது ஒரு தொழிற்சாலையை நினைத்துப் பாருங்க. ஒரு வண்டியில் நூற்றுக்கணக்கான நட்டு, போல்ட்டு. முறுக்குகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் இன்னொருவர். நடுவில் சாப்பாட்டு மணி அடிக்கும், ஷிப்டு மாறும், பக்கத்தில் ஒருவர் பேச்சுக் கொடுப்பார். எது முறுக்கினது, எது விட்டுப்போனது? நினைவை நம்ப முடியாது, கண்ணையும் நம்ப முடியாது. ஆகவே முறுக்கி முடித்ததும் ஒரு பொட்டு. கடைசியில் பொட்டில்லாத நட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிய வைக்கிற மலிவான வழி இது. ஒரு டப்பா பெயிண்ட்டும் ஒரு குச்சியும்தான் செலவு.

இந்த யோசனை நமக்குப் புதுசும் இல்லை. சலவைக்குப் போட்ட துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு சின்னக் குறி இருக்குமே, ஞாபகம் இருக்கா? எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. ஊர்த் துணியெல்லாம் ஒரே வெள்ளாவியில் வேகும்போது எது யார் வீட்டுத் துணி என்று சொல்வது அந்தக் குறிதான். நூறு வேட்டியும் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில் குறி வேண்டும். நூறு நட்டும் ஒரே மாதிரி இருக்கிற இடத்திலும் அப்படித்தான்.

பெயிண்ட் குறிகள் எல்லாம் ஒரே வகை கிடையாது. வண்டியில் பொதுவாக மூன்று விதமாகப் பார்க்கலாம்.

ஒன்று, நட்டின் தலையில் மட்டும் இருக்கும் பொட்டு. முறுக்கியாச்சு, அல்லது சோதிச்சாச்சு என்று அர்த்தம். ஒரே நட்டில் இரண்டு நிறம் இருந்தால் இரண்டு கைகள் அதைத் தொட்டிருக்கலாம்: முறுக்கியவர் ஒரு நிறம், சோதித்தவர் ஒரு நிறம்.

இரண்டு, நட்டிலிருந்து தொடங்கி வாஷரைக் கடந்து பக்கத்து உலோகம் வரை ஓடும் கோடு. இது பொட்டைவிட அதிகம் பேசும். நட்டு கொஞ்சம் சுழன்றாலும் கோடு உடைந்துவிடும். விமானங்களில் இப்படிக் கோடு போடுவது இன்றும் நடைமுறை. சில பெரிய பஸ், லாரிகளின் சக்கர நட்டுகளில் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதுவும் இதே வேலைதான். அம்புகள் வரிசை தவறினால் ஏதோ ஒரு நட்டு நகர்ந்திருக்கிறது.

மூன்று, முறுக்கோடு சம்பந்தமே இல்லாத நிறக்குறிகள். ஜப்பானிய இன்ஜின்களில் பேரிங் செல்களின் ஓரத்தில் நீலம், கறுப்பு, பழுப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் இருக்கும். அது கன அளவைச் சொல்வது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசத்துக்கு ஒரு நிறம். புது டயரில் மஞ்சள் பொட்டு இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். அதை டியூப் வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வார்கள். இந்த வகைக் குறியைத் துடைத்தால் வரலாறு மட்டும் இல்லை, அடுத்து மாட்டுகிறவருக்கு வேண்டிய தகவலும் போய்விடும்.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் என்றாலே முதலில் புல்லட்தான். அது பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச்சில். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை வரவழைத்தது. 1955-இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டியில் வந்தன, இங்கே சேர்த்துப் பூட்டினார்கள். 1957-இல் அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் அதே 346 சி.சி. புல்லட் தொடர்ந்து ஓடியது. 1977-இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் ஆனது. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2013-இல் ஒரகடத்தில் புது ஆலை.

இந்த வரலாறு எல்லாம் தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனி கைமாறியது, ஆலை திறந்தது, மாடல் வந்தது, எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த வண்டிகளை நாள்தோறும் பூட்டிய கைகளைப் பற்றி என்ன கிடைக்கிறது? பெட்ரோல் டாங்க் மேல் கையால் இழுக்கும் தங்கக் கோடு மட்டும் பேர் வாங்கியது. அது வெளியே தெரிகிற வேலை, அழகாக இருந்தது, படம் எடுத்தார்கள். கிராங்க் கேஸுக்கு அடியில் ஒரு நட்டை முறுக்கிவிட்டுப் பொட்டு வைத்த ஆளை யார் படம் எடுப்பார்கள்? பார்ட்ஸ் புத்தகத்தில் ஒவ்வொரு வாஷருக்கும் நம்பர் உண்டு. பெயிண்ட் பொட்டுக்கு நம்பர் கிடையாது, அது விற்கிற பொருள் இல்லையே. அந்த ஆள் விட்டுப்போன சாட்சி வண்டியில் மட்டும்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று யோசியுங்க. பாகங்கள் கப்பலில் வந்து மெட்ராஸில் பூட்டிய அந்த முதல் சில வருட வண்டிகளில், இரண்டு நாட்டுக் கைகளும் பட்டிருக்கின்றன. ரெட்டிச்சில் ஒரு பாகத்தில் வைத்த குறியும் திருவொற்றியூரில் வைத்த குறியும் ஒரே வண்டியில் இருக்க வாய்ப்பு உண்டு. அதைத் துடைத்துவிட்டு மேலே பளபளவென்று குரோம் பூசினால் வண்டி அழகாக இருக்கும். ஆனால் எந்த வேலை எங்கே நடந்தது என்று கேட்க அதன்பிறகு ஆள் இல்லை.

எங்கள் லப்பைக்குடிக்காட்டுப் பக்கத்துக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. வெள்ளாற்றின் தென்கரை. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி. கடல் தூரம், உப்புக்காற்று இல்லை. பெரம்பலூர் மாவட்டம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற கரிசல் சீமை. கரிசல் புழுதியும் இன்ஜினிலிருந்து கசிகிற ஆயிலும் சேர்ந்தால் ஒரு கறுப்புப் பிசின் மாதிரி இறுகிவிடும். புல்லட் ஆயில் கசியாமல் இருந்தால்தான் அதிசயம்! அந்த அழுக்கைப் பார்த்து எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதுதான் அடியில் இருக்கும் பெயிண்டை வெயிலும் மழையும் படாமல் காக்கிற உறை. நெல்லுக்கு உமி மாதிரி. இந்த ஊரிலோ வெளிநாடு போனவர்கள் அதிகம். வீட்டுக்கொல்லையில் சாக்குப் போட்டு மூடின வண்டி, சொந்தக்காரர் திரும்பி வரும்வரை யாரும் கை வைக்காமல் நிற்கும். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-இல். அதற்கு முன்னால் நாம் திருச்சி மாவட்டம். மூன்றெழுத்துப் பழைய நம்பர் பலகையோடு நிற்கிற வண்டி ஒன்று உங்கள் தெருவில் இருந்தால், அதைக் கழுவுவதற்கு முன்னால் இதைப் படியுங்க.

குறியைக் கண்டுபிடித்தாச்சு. அது தொழிற்சாலைக் குறியா, பிறகு எவரோ வைத்ததா என்று எப்படிச் சொல்வது? நம்ம ஊர் மெக்கானிக்குகளும் குறி வைப்பார்கள். நெயில் பாலிஷ் தொட்டு வைத்த நட்டை நிறையவே பார்க்கலாம். ஆகவே மஞ்சளைப் பார்த்ததும் "ஒரிஜினல்" என்று கூவக்கூடாது.

தொல்லியல்காரர்கள் இதே கேள்வியைப் பானை ஓட்டில் கேட்கிறார்கள். கீழடி, கொடுமணல் போன்ற இடங்களில் கிடைத்த ஓடுகளில் கீறல் குறிகள் உண்டு. அந்தக் கீறலைப் பானையைச் சுடுவதற்கு முன்னால் ஈரக் களிமண்ணில் போட்டார்களா, சுட்ட பிறகு போட்டார்களா என்று பார்ப்பார்கள். முன்னால் என்றால் செய்தவர் கை. பின்னால் என்றால் வைத்திருந்தவர் கையாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்பதுதான் விஷயம். நட்டுக்கும் இதே பாடம்தான்.

சேசிஸுக்குக் கறுப்பு எனாமல் அடித்த பிறகுதான் வண்டியைப் பூட்டுவார்கள். எனவே தொழிற்சாலைக் குறி முதல் எனாமலுக்கு மேல் இருக்க வேண்டும். பிற்பாடு யாராவது வண்டிக்குப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்தப் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் குறி அதற்கு முந்தையது. மேலே இருக்கும் குறி அதற்குப் பிந்தையது. ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனை தேய்ந்திருக்கிறது, ஆனால் பெயிண்ட் அந்தத் தேய்மானத்தின் மேலேயே படிந்திருக்கிறது என்றால், அது பழுது பார்த்தபோது வந்த குறி. அறுகோண முனைகள் கூர்மையாக, ஸ்பேனர் படாதது போல இருந்து, கோடும் உடையாமல் இருந்தால் அது முதல் கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை கழற்றிய நட்டு திரும்ப அதே கோணத்தில் வந்து உட்காருவது அபூர்வம்.

கோடு உடைந்திருந்தாலும் அது பேசும். நட்டுப் பக்கக் கோடு இடஞ்சுழியாக விலகியிருந்தால், வலது மரையில் அது தளர்ந்திருக்கிறது. வலஞ்சுழியாக விலகியிருந்தால் யாரோ பிற்பாடு இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கிறார்கள். அதிர்வால் நட்டு தளர்வதைப் பற்றி ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். போல்ட்டுக்குக் குறுக்காகப் பாகங்கள் முன்னும் பின்னும் வழுக்கினால் நட்டு தானாகவே சுழன்று கழலும் என்று அதில் காட்டினார். 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்கும் ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புல்லட் ஓட்டினவர்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். பழைய கோடு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று குறித்துவைத்தால், அந்த வண்டி எங்கெல்லாம் நட்டை உதிர்க்கப் பார்க்கும் என்ற ஜாதகமே கிடைக்கும்.

இனி முக்கியமான கேள்வி. வண்டியைப் புதுப்பிக்கும்போது இந்தக் குறியை என்ன செய்வது?

அமெரிக்காவில் கார்வெட் கார் ரீஸ்டோர் செய்கிறவர்கள் மத்தியில், தொழிற்சாலைச் சாக்பீஸ் குறி, முத்திரை, பெயிண்ட் பொட்டு உட்பட எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. அதனால் எல்லாவற்றையும் துடைத்துப் புதுசாக்கிவிட்டு, படத்தைப் பார்த்து அதே இடத்தில் அதே நிறத்தில் பொட்டு வைக்கும் வேலையும் வந்தது. இன்னொரு பக்கம், பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ட்யூரின் சாசனத்தை ஏற்றது. அதன் சாரம்: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, குறைவாகக் கை வை, செய்த வேலையை எழுதி வை. கட்டடங்களுக்கு 1964-இல் வெனிஸ் சாசனம் சொன்னதை வண்டிக்குச் சொன்ன மாதிரி.

நம் நாட்டிலும் 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிந்து, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வாங்கலாம். 1970-களின் முதல் பாதியில் பதிவான புல்லட் எல்லாம் இப்போது அந்த வயசுக்கு வந்தாச்சு. அசல் வடிவத்துக்குச் சட்டத்திலேயே மதிப்பு வந்தபிறகு, அசல் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் கூடவே வரும்.

என் கருத்து இதுதான். துடைத்த குறியைப் பார்வைக்காகத் திரும்ப வைப்பது பொய்ச் சாட்சி. சத்தியம் பண்ணாதவர் பேரில் சத்தியப் பத்திரம் எழுதுவது மாதிரி. அந்தப் பொட்டு ஓர் அலங்காரமாக எப்போதும் இருந்ததில்லை. "இதை நான் முறுக்கினேன்" என்ற வாக்கு அது. டார்க் ரெஞ்சே தொடாத நட்டின் மேல் மஞ்சள் பொட்டு வைத்தால், பார்ப்பதற்கு 1965 மாதிரி இருக்கும். அதை நம்பி ஓட்டுகிறவரின் கதி? முன்சக்கரத்து நட்டாக இருந்தால் இது வரலாற்றுப் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை.

அப்படியென்றால் வழி? அழுக்கை எடுக்க முதலில் மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். தின்னரைத் தொடாதீங்க, பழைய பெயிண்டை அது கரைத்துவிடும். சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் முன்னால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்க. எந்த இடம், என்ன நிறம், பொட்டா கோடா, வாஷரைக் கடக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்க. நிறத்தை எழுதும்போது கவனம்: வெள்ளை காலப்போக்கில் மஞ்சளிக்கும், சிவப்பு வெளுக்கும்.

கழற்ற அவசியமே இல்லாத இடத்தில் குறியோடு இருக்கும் நட்டைச் சும்மா விடுங்க. பிரேக், ஃபோர்க், ஹேண்டில்பார், சக்கர அச்சு ஆகிய இடங்களில் மட்டும் பழைய குறியை நம்பாதீங்க. அறுபது வருட நட்டுக்குப் பெயிண்ட் உத்தரவாதம் ஆகாது. கழற்றுங்க, தேவைப்பட்டால் புதுசு போடுங்க. ஆனால் பழைய போல்ட்டைக் காயலான் கடைக்குப் போடாமல், ஒரு கவரில் போட்டு மேலே இடத்தை எழுதி வையுங்க. ஒரு வண்டியின் பழைய போல்ட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கும்.

புதிதாக முறுக்கிய நட்டுக்கு நீங்களும் குறி வையுங்க. வைக்கத்தான் வேண்டும். ஆனால் தொழிற்சாலை நிறத்தில் வேண்டாம். அது உங்கள் நிறமாக இருக்கட்டும். முதலில் டார்க் ரெஞ்ச், பிறகு பெயிண்ட். அந்த நிறம், தேதி, கொடுத்த முறுக்கு மூன்றையும் நோட்டில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்க. முப்பது வருடம் கழித்து இந்த வண்டியைப் பிரிக்கிறவருக்கு எது திருவொற்றியூர், எது லப்பைக்குடிக்காடு என்று குழப்பம் வராது. நம்ம ஊர் மெக்கானிக்கின் வேலைக்கும் அதில் ஒரு இடம் கிடைக்கும். அதுவும் வரலாறுதானே.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதற்கு நேரம் குறைவு. 1960-களில் இருபது வயதில் திருவொற்றியூர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். எந்தப் பிரிவில் எந்த நிறம், குச்சியா பிரஷ்ஷா, யார் வைப்பது, எந்த வருடத்திலிருந்து என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். உங்கள் தாத்தாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ அங்கே வேலை பார்த்திருந்தால், நோட்டில் இருக்கும் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்க. "தாத்தா, இந்த மஞ்சள் யார் வைப்பாங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்க.